திருப்தியான பதில் கிடைக்கவில்லை

நான் செய்யும் வேலையை எங்கள் சந்தில் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. கேட்டால் "டைப்பிங்" என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களில் கிடக்கும் பழைய கையெழுத்துக் காகிதங்களைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஆலுவாவில் ஒரு மாடியறையில் இயங்கும் சிறிய அலுவலகம் அவற்றை வாங்கி, வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்களைப் போன்ற சிலருக்குப் பிரித்துக் கொடுக்கும். முதலில் இயந்திரம் ஒருமுறை படித்துவிடும். அது படித்த லட்சணத்தை நாங்கள் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தென்காசியில் நான் படித்த ஆங்கில இலக்கியம் வேறெதற்கும் பயன்படவில்லை. கல்யாணமாகி மலையாளக் கரையில் மட்டாஞ்சேரிக்கு வந்து இத்தனை வருஷம் கழித்து இதற்குப் பயன்பட்டது.

எங்கள் வீடு பழைய இஞ்சிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னறை ஜன்னலை ஒட்டி என் மேசை. எதிர்ச் சுவரோரம் மாமனாரின் கட்டில். எழுபத்தேழு வயது. சின்ன வயதிலிருந்தே கிடங்கில் மூட்டை தூக்கியவர். முழங்கால் போன பிறகு பகல் முழுக்க அந்தக் கட்டிலில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அவரும்தான் பகலில் வீட்டில். கணவர் தோப்பும்படியில் படகு என்ஜின் பட்டறைக்குப் போய்விடுவார். மகள் அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தாள்.

மழை தொடங்கிய வாரத்தில் எனக்கு ஒரு கட்டு வந்தது. கனடாவின் கிழக்குக் கரையைப் பற்றியது. பிரிட்டிஷ்காரர்கள் அங்கே ஆண்ட காலத்தில் மேலிடத்து அதிகாரி ஒருவர், வட்டாரத்து நீதிபதிகளுக்கும் பாதிரிகளுக்கும் கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தக் கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும்தான் அந்தக் கட்டுக்குள் இருந்தவை. எல்லாம் மிக்மாக் என்ற மக்களைப் பற்றிய கேள்விகள். கப்பல்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அந்தக் கரையில் இருந்தவர்கள் அவர்கள். உங்கள் வட்டாரத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது, குளிர்காலத்தில் எங்கே தங்குகிறார்கள், உருளைக்கிழங்கு விதை கொடுத்தால் பயிரிடுவார்களா, நிலம் அளந்து கொடுத்தால் ஓரிடத்தில் நிலையாகக் குடியிருப்பார்களா என்று கேள்விகள் போயின.

பதில் எழுதியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் அந்த மக்களுக்குப் போர்வை கேட்டு மன்றாடியிருந்தார். இன்னொருவர், குடியேறியவர்கள் அந்த மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் புகுந்து புல் அறுத்துப் போகிறார்கள், என்னால் தடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் எல்லாப் பதில்களிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. யாரைப் பற்றிக் கேள்வியோ அவர்களுடைய குரல் எங்குமே கேட்கவில்லை. அவர்கள் அலைகிறார்கள், அவர்கள் விரும்புவதில்லை, அவர்களுக்குத் தெரியவில்லை. இப்படியே பக்கம் பக்கமாகப் போனது.

பத்தாவதோ பதினொன்றாவதோ கடிதத்தில், நீதிபதி ஒருவர் மிக்மாக் ஆள் ஒருவரை விசாரித்ததைச் சொல்லும் இடத்தில், மூன்று வரிகள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. எங்கள் வேலைக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. அடித்த எழுத்தையும் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். படிக்கவே முடியாவிட்டால் சதுர அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகரலாம். இயந்திரம் அந்த மூன்று வரிக்கும் கேள்விக்குறியே போட்டிருந்தது. அடித்ததற்கு மேலே அந்த நீதிபதி தெளிவான கையெழுத்தில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஆளிடமிருந்து திருப்தியான பதில் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள்.

கிடைக்காத பதிலுக்கு எதற்கு மூன்று வரி என்று தோன்றியது. படத்தைப் பெரிதாக்கினேன். வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றிப் பார்த்தேன். அதே நீதிபதி வேறு பக்கங்களில் எழுதிய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். மத்தியானச் சோற்றை மறந்துவிட்டேன். மாமனார் கட்டிலிலிருந்து, "எந்தா மோளே, அந்தப் பெட்டிக்குள்ள ஆளு ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

ஆலுவாவிலிருந்து மேற்பார்வைச் சேட்டன் போன் செய்தார். "அந்தப் பக்கத்துலயே நிக்கிறீங்களே. கேள்விக்குறி போட்டுட்டு போங்க."

"படிக்க முடியுது சேட்டா. கொஞ்சம் நேரம் வேணும்."

"ரிவ்யூல தள்ளிட்டா?"

"தள்ளட்டும்."

மூன்று வரியும் கிடைத்தது. அந்த மிக்மாக் மனிதர், தான் அலைகிறவன் இல்லை என்று சொல்லியிருக்கிறார். வசந்தத்தில் ஆற்றுமுகத்துக்கு, கோடையில் கடலோரத்துக்கு, இலை உதிரும்போது விலாங்கு பிடிக்கும் இடத்துக்கு, பனி விழுந்தால் காட்டுக்கு. ஒவ்வொரு வருஷமும் அதே இடங்கள், அதே வரிசை. ஆற்றுமுகத்தில் இப்போது ஒரு குன்று நிற்கிறது, நாங்கள் எங்கே திரும்பி வருவது என்று கேட்டிருக்கிறார். நீதிபதி அதை ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக எழுதி, பிறகு அடித்திருக்கிறார். அவர் ஏன் அடித்தார் என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பொய் என்று நினைத்திருந்தால் பொய் சொல்கிறான் என்று எழுதியிருப்பார். அவருடைய கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை, அவ்வளவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். குடியிருப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டால் ஆமாம் இல்லை என்று வர வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கோப்பு திரும்பி வந்தது. தள்ளவில்லை. ஒரே ஒரு சொல்லைத் திருத்தியிருந்தார்கள். ஆற்றுமுகத்தில் நின்றது குன்று இல்லை, ஆலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்துதான் வித்தியாசம். திடீரென்று ஒரு குன்று எப்படி முளைக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? படித்துவிட்ட சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. ஆலை என்று வைத்துப் படித்தால்தான் அந்த மனிதர் எதைப் பற்றிப் பேசினார் என்பதே புரிகிறது. ஓர் எழுத்தில் நானும் அவருடைய வழக்கைக் கெடுக்கப் பார்த்தேன்.

இதெல்லாம் நடந்த அதே மழைக்காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு விசாரணை வந்தது. மகள் நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தாள். எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இங்கே அது கிடையாது. சட்டம் சொல்லும் வருஷத்துக்கு முன்பிருந்தே குடும்பம் இங்கே குடியிருந்ததாகக் காட்ட வேண்டும். வில்லேஜ் ஆபீஸில் மகளின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் பார்த்துவிட்டு, இது தமிழ்நாட்டுக் குடும்பம் மாதிரி இருக்கிறதே, நேரில் விசாரித்துத்தான் சான்றிதழ் கொடுக்க முடியும் என்றார்கள்.

மகளுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் கனவு காண்பதே மலையாளத்தில்தான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "அம்மா, நீங்க தமிழ்நாட்டுலருந்து வந்தீங்க. சரி. நான் எங்கேருந்து வந்தேன்?" என்றாள். வீட்டில் உண்மையிலேயே வந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு சனிக்கிழமை காலை, வில்லேஜ் ஆபீஸுக்கு மேலே ஏதோ ஓர் ஆபீஸிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும். மழையில் நனைந்த சுரிதாரின் ஓரத்தை வாசலில் பிழிந்துவிட்டு உள்ளே வந்தார். மரியாதையான பெண். சாயா வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக் குடித்தார். படிவத்தை ஓர் அட்டையில் சொருகி மடியில் வைத்துக்கொண்டு மாமனாரின் எதிரே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பேச்சு முக்கால்வாசி மலையாளத்தில் நடந்தது. நினைவில் நிற்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அப்பச்சா, நீங்க எப்போ இங்கே வந்தீங்க?"

"நான் வரலை."

"அதாவது, குடும்பம் எப்போ வந்தது?"

"நான் பொறக்கும்போது இருந்துச்சு."

"அப்பா எங்கேருந்து வந்தார்னு தெரியுமா?"

"அவரு கிடங்குலருந்து வீட்டுக்கு வருவாரு. வேற எங்கேருந்தும் வந்து நான் பார்த்ததில்லை."

மகள் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பை அடக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனார் முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்தேன். அதிகாரி பொறுமையாக அடுத்த கேள்விக்குப் போனார். வீட்டில் என்ன மொழி, குலதெய்வம் எங்கே, கல்யாணம் எந்தப் பக்கத்தில் செய்வீர்கள். தமிழ், தெரியாது, மருமகள் தென்காசி. ஒவ்வொரு பதிலும் எங்களைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. பழைய காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். கிடங்குக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் அவர் பிறந்தார். அந்த வரிசையை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள், இப்போது அங்கே வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கிறார்கள். காகிதத்துக்கு எங்கே போவது?

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். தலைகீழாக இருக்கும் எழுத்தைப் படிப்பது என் தொழிலில் படிந்த பழக்கம். எனக்கு மலையாளம் மெதுவாகத்தான் வரும், ஆனால் அந்த வரி வந்தது. குடியேறிய காலம் என்ற கட்டத்தில், திருப்திகரமான பதில் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

அவரை ஏமாற்றுக்காரி என்று நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை. அவருடைய கேள்விக்கு எங்கள் பதில் பொருந்தவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பாக இருந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "அவர் சொன்னதை அப்படியே எழுத முடியுமா? நான் வரலை, இங்கேயே பொறந்தேன்னு சொன்னார் இல்லையா. அதை எழுதிட்டு, அதுக்குக் கீழே உங்க அபிப்பிராயத்தை எழுதிக்கோங்க."

அவர் முகம் மாறியது. "நான் எழுதினதை நீங்க படிச்சீங்களா?"

"கண்ணுல பட்டுது. மன்னிச்சுக்கோங்க."

"இது வெறும் படிவம். கட்டம் இவ்வளவுதான் இருக்கு."

"பின்பக்கம் காலியா இருக்கு மேடம்."

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் மகளின் படிப்புக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர் போகவில்லை. படிவத்தைத் திருப்பினார். மாமனார் சொன்னதை முதலிலிருந்து எழுதினார். எழுதி முடித்ததும், நான் கேட்காமலேயே, அவருக்கு வாசித்துக் காட்டினார். கிடங்கு வரிசையில் நாலாவது அறையில் பிறந்ததாகச் சொல்கிறார் என்று வந்தபோது மாமனார் கையை உயர்த்தினார்.

"நாலாவது இல்லை, அஞ்சாவது. நாலாவதுல ஆடு கெட்டியிருந்தாங்க."

அதிகாரி அதை அடித்துவிட்டு அஞ்சாவது என்று எழுதினார். மாமனார் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி, தவறு வந்தால் திருத்துவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பிறகு, யாரும் எதுவும் கேட்காதபோது, சொன்னார்.

"ஸ்கூல்ல போயிருக்கேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன் என்று தன்னைப் பற்றி அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கணவருக்கும் அப்படித்தான் தெரியும்.

"எத்தனாவது வரை?" என்றார் அதிகாரி.

"ஒண்ணாம் கிளாஸ். ஒரு வருஷம் முழுசா இல்லை. பேரு எழுதப் படிச்சேன்."

"ஏன் நின்னீங்க?"

மாமனார் கட்டில் விளிம்பைத் தடவினார். "சாரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு. பாண்டின்னுதான் கூப்பிடுவாரு. எல்லாரும் பெஞ்சுல, நான் தரையில. ஒரு நாள், உங்க ஊருக்குப் போடா பாண்டின்னாரு. நான் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நம்ம ஊரு எதுன்னு கேட்டேன். அம்மா இதுதான்டான்னாங்க. அடுத்த நாள்லருந்து போகலை. அப்பாகூட இஞ்சி அள்ளப் போயிட்டேன்."

பாண்டி என்பது தமிழர்களை இங்கே இளக்காரமாகக் கூப்பிடும் சொல். இதையும் எழுதலாமா என்று அதிகாரி கேட்டார். எழுதுங்க என்றார் மாமனார். பிறகு மெல்ல, சத்தியமாக என்று சொன்னார்.

போகும்போது வாசலில் அதிகாரி என்னிடம் சொன்னார்: "அந்த ஸ்கூல்ல அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அவர் வயசுக்கு, சட்டம் கேக்குற வருஷத்துக்குச் சரியா வரும். அதுதான் காகிதம்."

பள்ளிக்கூடம் சுள்ளிக்கல் போகும் வழியில் இன்னும் இருக்கிறது. கட்டடம் புதியது. தலைமையாசிரியை நல்லவர், பழைய பதிவேடுகள் மரப்படிக்குக் கீழே ஓர் அலமாரியில் இருக்கின்றன, தேடிக்கொள்ளுங்கள் என்றார். நானும் மகளும் இரண்டு நாள் போனோம். மகள் மலையாளம் வேகமாகப் படிப்பாள். எனக்குப் பழைய கையெழுத்துகளின் சுழி தெரியும். சேர்ந்து படித்தோம். நீண்ட நாளைக்குப் பிறகு நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே பக்கத்தைப் பார்த்தது அப்போதுதான். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் விரல் ஒரு வரியில் நின்றது. தாத்தாவின் பெயர் இருந்தது. அவருடைய அப்பாவின் பெயர். தொழில், கூலி. ஊர், மட்டாஞ்சேரி. பிறந்த வருஷம் சட்டம் கேட்டதற்கு முந்தியது. கரையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது.

கடைசிக் கட்டத்தில் பெயர் நீக்கிய காரணம் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, அறியவில்லை என்று எழுதியிருந்தது.

மகள் அன்று மாலை அந்த வரியைத் தாத்தாவுக்கு முழுதாக வாசித்தாள். அப்பாவின் பெயர் வந்தபோது, இன்னொரு தடவை சொல்லு என்றார். கடைசிக் கட்டத்தையும் வாசிக்கலாமா வேண்டாமா என்று அவள் என்னைப் பார்த்தாள். வாசி என்று தலையாட்டினேன். தாத்தா கேட்டுவிட்டு, "அறியாதவனா அதை எழுதுனது? அந்தச் சாருக்கு நல்லாத் தெரியும்," என்றார். சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டார்.

சான்றிதழ் கிடைக்க இன்னும் ஆறு வாரம் ஆனது. அதற்குள் முதல் சுற்றுச் சேர்க்கை முடிந்து, மகளுக்கு இரண்டாவது சுற்றில் ஆலுவாப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் ஆசைப்பட்ட கல்லூரி அது இல்லை. தினமும் போய்வர இரண்டு பஸ். முதல் மாதம் பூராவும் அதைச் சொல்லி முனகினாள். இப்போது அங்கே சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எங்களுக்கு நாடி பிடித்துப் பார்க்கிறாள். அந்த அதிகாரியை நான் மறுபடி பார்க்கவில்லை. அறிக்கையில் தன் அபிப்பிராயமாக அவர் என்ன எழுதினார் என்றும் எனக்குத் தெரியாது. எங்களுக்குச் சாதகமாகத்தான் எழுதியிருக்க வேண்டும். அவருக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். எந்த ஆபீஸில் போய்க் கேட்பது என்று தெரியாமல் நாள் ஓடிவிட்டது.

சான்றிதழை வாங்க மாமனாரும் வர வேண்டியிருந்தது. நானும் மகளும் அவரை ஆட்டோவில் அழைத்துப் போனோம். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி, வில்லேஜ் ஆபீஸ் குமாஸ்தா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். நான் பேனாவை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். அதற்குள் மாமனார் பெருவிரலை மையில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "பேரு எழுதத் தெரியும்தானே மாமா? எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம்," என்றார். "எழுதத் தெரியும்னு காட்டினா, அடுத்தாப்ல இன்னொரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டுவான்."

மகள் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மூன்று எலுமிச்சைச் சாறு, இங்கத்துப் பேச்சில் நாரங்கா வெள்ளம், வாங்கினாள். அவர் தன்னுடையதில் உப்பு குறைவு என்று கடைக்காரரிடம் சொல்லி, இன்னும் கொஞ்சம் போட வைத்துக் குடித்தார்.